ஒரே கேரக்டரா, டீமா? சண்டை கேமில் எதை எடுப்பது

சண்டை கேமுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த கேரக்டர் எடுக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரே கேரக்டரை வைத்து ஆடும் கேமா, இரண்டு மூன்று பேரைச் சேர்த்து டீம் கட்டி ஆடும் கேமா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8, கில்டி கியர் ஸ்ட்ரைவ் எல்லாம் முதல் வகை. அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3, டிராகன் பால் ஃபைட்டர்ஸி, 2எக்ஸ்கேஓ எல்லாம் இரண்டாம் வகை. ஸ்கல்கேர்ள்ஸ் மாதிரி சில கேம்கள் இந்த முடிவை ஆடுபவர் கையிலேயே விட்டுவிடுகின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஹெல்த் பார் இருக்கிறது, காம்போ (அடுத்தடுத்து சேரும் அடிகள்) இருக்கிறது, சூப்பர் (சக்தி சேர்த்து விடும் பெரிய அடி) இருக்கிறது. தோற்ற பிறகு எதை யோசிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். தனி கேரக்டர் கேமில் தோற்றால் "அந்த இடத்தில் ஏன் குதித்தேன்?" என்று தோன்றும். டீம் கேமில் தோற்றால் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும்: "அந்த இடத்தில் எனக்குத் துணை ஏன் இல்லை?"

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரே கேரக்டர். அந்த ஒருவரால் எது முடியவில்லை என்று நன்றாகப் புரிந்த பிறகு டீம். இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதே இல்லை. என்ன குறை என்று தெரியாமல் அந்தக் குறையை நிரப்ப ஆள் தேட முடியாது, அவ்வளவுதான்.

தனியாக நிற்கும்போது

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரியூவின் ஹெவி ஷோர்யூகெனை, அதாவது மேல்நோக்கிப் பாயும் குத்தை, எடுத்துக்கொள்வோம். எதிராளி அதை பிளாக் செய்துவிட்டால், ரியூ மேலே போய் மறுபடி தரையில் இறங்கும்வரை நம்மால் எதுவும் செய்ய முடியாது. கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. வேகமான சாதாரண அடிகள் 4 ஃபிரேமில் வந்துவிடும். ரியூ இறங்குவதற்குள் எதிராளி நிதானமாகத் தன் பெரிய அடியைத் தேர்ந்தெடுத்து, காம்போவைத் தொடங்கி, சூப்பரில் கொண்டுபோய் முடிக்கலாம். இடையில் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். ஆக, ஷோர்யூகென் அடிக்கும் ஒவ்வொரு முறையும் "எதிராளி இப்போது கை நீட்டத்தான் போகிறார்" என்று பந்தயம் கட்டுகிறோம். பந்தயம் தோற்றால் அதற்கான விலை உடனே கண்ணுக்குத் தெரியும்.

தனி கேமின் பெரிய பலமே இதுதான். என்ன செய்தோம், அதற்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு சுத்தமாக இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இன்னொரு பக்கம் அதே கேமில் ஜாங்கீஃப், கைல் என்ற இரண்டு கேரக்டர்களின் மோதலைப் பாருங்கள். ஜாங்கீஃபிடம் தூரத்திலிருந்து எறிய எதுவும் இல்லை. கைல் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சோனிக் பூம் என்ற எறியும் அடியை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார். பொறுமையிழந்து குதித்தால் சம்மர்சால்ட் கிக் காத்திருக்கும். ஜாங்கீஃப் ஆடுபவர் ஒரு பூமை பிளாக் செய்து, அடுத்ததை டிரைவ் பேரி என்ற சிறப்புத் தடுப்பில் வாங்கி, கிடைக்கும் இடைவெளியில் ஓரடி முன்னால் நடந்து, மறுபடி நின்று என்று நெருங்க வேண்டும். கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் ஸ்க்ரூ பைல்டிரைவர் என்ற ஒரே பிடியில் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். அந்த நடைதான் இந்த மோதலின் முழுக் கதையும். பிடிக்காதவர்களுக்கு இது கொடுமை. எனக்கு சண்டை கேமில் இதைவிட அழகான காட்சி கிடையாது. கைல் ஆடுபவர் எப்போது அவசரப்படுகிறார், ஓரத்துக்குத் தள்ளப்பட்டதும் அவர் கை என்ன செய்கிறது என்று எதிரில் இருக்கும் மனிதரைப் படிக்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது.

ஒரே கேரக்டரை விடாமல் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போனவர்கள் உண்டு. 2014-இல் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை பிரான்ஸின் லஃபி, ரோஸை வைத்து வென்றார். அதுவும் முதல் பிளேஸ்டேஷன் காலத்து கன்ட்ரோலரில். எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. 2018 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பட்டத்தை பிராப்ளம் எக்ஸ் என்ற ஆட்டக்காரர், பைசன், அபிகேல் என்ற இரண்டு கேரக்டர்களை வைத்து வென்றார்; இறுதிச் சுற்றில் தோற்றவர் டோகிடோ. தனி கேமிலும் இரண்டாவது கேரக்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அந்த இரண்டாவது ஆள் அடுத்த ஆட்டத்தில்தான் வருவார். ஆட்டத்தின் நடுவில் கூப்பிட முடியாது.

துணை வந்துவிட்டால்

இப்போது ஸ்கல்கேர்ள்ஸுக்கு வருவோம். அதில் ஃபிலியா என்ற கேரக்டரிடம் "அப்டூ" என்று ஓர் அடி இருக்கிறது. ஷோர்யூகென் மாதிரியே மேல்நோக்கிப் பாய்வது. தனியாக இருக்கும்போது அதை பிளாக் செய்தால் ஃபிலியாவுக்கு நல்ல அடி விழும். அதே ஃபிலியாவுக்குத் துணையாக டபுள் என்ற கேரக்டரைச் சேர்த்து, டபுளின் "ஹார்னெட் பாமர்" அடியை அசிஸ்டாக (வெளியே இருக்கும் துணை சட்டென்று வந்து அடித்துவிட்டுப் போகும் உதவியாக) வைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அப்டூவையும் அசிஸ்டையும் சேர்த்து விட்டால், அப்டூவை பிளாக் செய்தவர் பதிலடி கொடுக்க நினைக்கும் நேரத்தில் டபுள் வந்து மோதுவாள். அவர் மறுபடி பிளாக் செய்துகொண்டிருப்பார். அதற்குள் ஃபிலியா பத்திரமாக இறங்கியிருப்பாள். கிட்டத்தட்ட விலை இல்லாத பந்தயமாகிவிட்டது.

கேரக்டரின் பட்டியலில் ஒரு அடிகூட மாறவில்லை. ஆனால் கேமின் விதி மாறிவிட்டது. டீம் என்றால் மூன்று மடங்கு ஹெல்த், மூன்று மடங்கு அடிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அசிஸ்ட் உள்ள கேம்களில் டீம் உண்மையில் தருவது வேறு: எது ஆபத்தான அடி, எது பத்திரமான அடி என்ற கோட்டையே அது நகர்த்திவிடுகிறது. தூரத்திலிருந்து நெருங்க முடியாதவருக்கு முன்னால் ஓடும் கேடயம் கிடைக்கிறது. காம்போ பாதியில் அறுந்துபோகிறவருக்கு, எதிராளியைக் காற்றிலேயே பிடித்து வைக்க ஒரு கை கிடைக்கிறது.

இதை ஒரு கலையாகவே செய்து காட்டியவர்கள் அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 ஆட்டக்காரர்கள். 2014 ஈவோவில் ஜஸ்டின் வாங் வென்ற டீம் வுல்வரின், ஸ்டார்ம், அகுமா. வுல்வரின் நெருங்கி அடிப்பவர், ஆனால் எறிய எதுவும் கிடையாது. அகுமாவின் தத்சுமாகி அசிஸ்ட் அவருக்கு முன்னால் சுழன்று போய் வழி திறந்து கொடுக்கும். வுல்வரின் சூப்பர் அடித்தால் அதிலிருந்து ஸ்டார்மின் ஹெயில்ஸ்டார்முக்கு மாறலாம். அகுமா கடைசி ஆளாக மிஞ்சினால், எக்ஸ்-ஃபாக்டர் (சற்று நேரம் பலம் கூட்டும் வசதி) போட்டுக்கொண்டு தனியாகவே நின்று ஆடக்கூடியவர். மூன்று பேருக்கும் தனித்தனி வேலை. யாரையாவது எடுத்துவிட்டு "இன்னும் பலமான" ஒருவரைப் போட்டால் டீம் பலவீனமாகிவிடும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். 2000-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இல் 56 கேரக்டர்கள். வெவ்வேறு மூன்று பேரைச் சேர்க்க 27,720 வழிகள். ஒவ்வொருவருக்கும் மூன்று வகை அசிஸ்ட் என்பதையும் கணக்கில் எடுத்தால் ஏழு லட்சத்தைத் தாண்டும். நடைமுறையில் போட்டிகளில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரைச் சுற்றியே டீம்கள் அமைந்தன. ஆனால் அந்த நால்வருக்குத் துணையாக சைலாக்கும் கேப்டன் கமாண்டோவும் உள்ளே வந்தார்கள் பாருங்கள், அதுதான் சுவாரஸ்யம். முதன்மையான நால்வரில் இல்லாத கேரக்டருக்கு, ஒரே ஒரு அசிஸ்டின் தயவில் பெரிய போட்டி மேடையில் இடம் கிடைத்தது. தனி கேமில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை.

டீமுக்கு என்ன விலை

மூன்று பேரின் காம்போவைக் கற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விலை. அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, நேரம் கொடுத்தால் வந்துவிடும். தெரியாத விலைகள்தான் வலிக்கும்.

முதலாவது, அசிஸ்டுக்கும் அடி விழும். எதிராளி ஒரே அடியில் நம்மையும், உதவிக்கு வந்தவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் இரண்டு ஹெல்த் பாரும் ஒன்றாகக் கரையும். ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "ஹேப்பி பர்த்டே". மார்வெல் 3-இல் அசிஸ்டாக வந்தவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே டேமேஜ் ஏறும். உதவி கூப்பிடுவதே ஒரு பந்தயம் என்று அப்போது புரியும்.

இரண்டாவது விலை இன்னும் கடுமையானது. ஒரு கேரக்டர் விழுந்ததும் அடுத்தவர் மேலிருந்து உள்ளே வருவார். வரும் இடம் எதிராளிக்குத் தெரியும், நேரமும் தெரியும். அவர் முன்கூட்டியே அசிஸ்டை விட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று நம்மைத் தடுமாற வைப்பார். தப்பாக பிளாக் செய்தால் இரண்டாவது ஆளும் போனார். முதல் ஆள் செய்த ஒரு தவறுக்கு மூன்று பேரும் வரிசையாகப் போவது மார்வெலில் சகஜம். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட காம்போவைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. நேர்மையாகச் சொன்னால், பலர் டீம் கேமை விட்டுப் போவது கஷ்டத்தால் இல்லை, இந்தக் காத்திருப்பால்தான்.

மூன்றாவது, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது கடினம். நெருங்கும் விதம் தப்பா, அசிஸ்டைத் தேர்ந்தெடுத்தது தப்பா, வரிசை தப்பா? ரீப்ளே பார்த்தாலும் ஒரே பதில் கிடைக்காது. நான் முதலில் தனி கேரக்டர் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஒரே கேமுக்குள் இரண்டையும் வைத்தவர்கள்

வெவ்வேறு கேம்களை ஒப்பிடுவதைவிட, ஒரே கேமுக்குள் இந்தத் தேர்வு இருக்கும்போது என்ன நடந்தது என்று பார்ப்பது பயன் தரும்.

2001-இல் வந்த கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2-இல் ஆடுபவருக்கு நான்கு ரேஷியோ புள்ளிகள் கிடைக்கும். நான்கையும் ஒருவருக்கே கொடுத்து ராட்சசனாக்கலாம், இரண்டு பேருக்குப் பிரிக்கலாம், அல்லது 2-1-1 என்று மூன்று பேருக்குப் பங்கிடலாம். இதில் அசிஸ்ட் கிடையாது, ஒருவர் விழுந்த பிறகே அடுத்தவர் வருவார். போட்டிகளில் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மூன்று பேரையே எடுத்தார்கள். காரணம் எளிய கணக்கு: ரேஷியோ 4 கேரக்டரின் ஹெல்த் எவ்வளவு பெரிதானாலும் மூன்று பேரின் கூட்டு ஹெல்த்துக்கு அருகில் வராது. மேலும் எதிராளிக்கு ஒரு கேரக்டரோடு மோதத் தெரிந்தால் போதாது, மூன்று பேரோடு மோதத் தெரிந்திருக்க வேண்டும். சாகாட், பிளாங்கா, கேமி என்ற சேர்க்கை இந்த கேமின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

2012-இல் வந்த ஸ்கல்கேர்ள்ஸ் இந்தத் தராசை இன்னும் கவனமாகப் பிடித்தது. ஒருவரா, இருவரா, மூவரா என்று எடுக்கலாம். தனி ஆளுக்கு ஹெல்த்தும் அதிகம், அடியின் பலமும் அதிகம். அவர் ஒருமுறை சரியாகப் பிடித்தால் டீமில் ஒருவரின் பாரில் பெரும்பகுதி காணாமல் போகும். உள்ளே வரும்போது மாட்டிக்கொள்ளும் தொல்லையும் அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் வர ஆளே இல்லை. மீட்டர் (சூப்பருக்குச் செலவாகும் சக்தி) முழுக்க அவருக்கே. டீமுக்குக் கிடைப்பது அசிஸ்ட், ஒரு சூப்பரிலிருந்து இன்னொருவர் சூப்பருக்கு மாறும் வசதி, வெளியே நிற்பவருக்கு ஹெல்த் கொஞ்சம் மீளுவது. அசிஸ்டாக எந்த அடியை வைப்பது என்பதைக்கூடப் பெருமளவு நாமே முடிவு செய்யலாம்.

தாளில் பார்த்தால் சமமாகத் தோன்றும். ஆடிப் பார்த்தால், அனுபவம் ஏற ஏற டீம் பக்கம் சாய்கிறது என்பது என் கணிப்பு. கூடுதல் ஹெல்த் என்பது இன்னும் சில தவறுகளைத் தாங்கும் சக்தி, அவ்வளவுதான். பாதுகாப்பாக நெருங்கும் வழியை அது வாங்கித் தராது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு இடையில் தவறுகள் குறைவு, நெருங்குவதுதான் பிரச்சினை. அதனால் அசிஸ்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. புதியவர்கள் இருவர் மோதும்போது நிலைமை தலைகீழ். அசிஸ்டைச் சரியான நேரத்தில் கூப்பிடத் தெரியாதவருக்கு டீம் ஒரு சுமை. தனியாக ஆடுபவர் எளிதில் வெல்வார்.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1994-இலிருந்தே மூவர் அணி. ஆனால் பெரும்பாலான பாகங்களில் ஒருவர் முடிந்த பிறகே அடுத்தவர். எந்த நேரத்திலும் திரையில் ஒருவருக்கு ஒருவர்தான். மீட்டரைச் சேர்த்துக் கொடுப்பவரை முன்னாலும், செலவழிப்பவரைக் கடைசியிலும் வைப்பது என்ற வரிசை யோசனையை மட்டும் இது கற்றுக்கொடுக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து டீம் கேமுக்குப் போக நினைப்பவருக்கு நல்ல பாலம். டெக்கன் டேக் டோர்னமென்ட் அப்படியில்லை. அதில் இருவரில் ஒருவர் விழுந்தாலே ரவுண்டு போய்விடும். டீம் என்றாலே இன்னொரு உயிர் என்று நினைத்து அதில் இறங்க வேண்டாம்.

அப்படியானால் யார் எதை எடுக்கலாம்

தினமும் கொஞ்ச நேரம்தான் ஆட முடியும், அதற்குள் முன்னேற்றம் கண்ணில் தெரிய வேண்டும் என்றால் தனி கேமே சரி. ஒரு கேரக்டர், மூன்று நான்கு காம்போ, குதிப்பவரை அடித்து இறக்கும் ஓர் அடி. இது போதும், ஆன்லைனில் ஏறிவிடலாம். எதிரில் இருப்பவரின் மனதைப் படிப்பதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றாலும் இதுவே.

பயிற்சி அறையில் உட்கார்ந்து "இந்த அசிஸ்டுக்குப் பிறகு அந்த அடி சேருமா?" என்று தோண்டிக்கொண்டிருப்பது உங்களுக்கு ஆட்டத்தைவிட இன்பம் தருகிறதா? தயங்காமல் டீம் கேமுக்குப் போங்கள். அங்கே அந்தத் தோண்டலுக்கு முடிவே இல்லை. மற்றவர்கள் கண்டுகொள்ளாத ஒரு கேரக்டரை வெறித்தனமாக நேசிப்பவர்களுக்கும் டீம் கேமில் இடம் அதிகம். அவருடைய குறையை மறைக்க இரண்டு பேரைக் கொண்டுவரலாம். தனி கேமில் பேட்ச் (கேமில் மாற்றம் செய்யும் அப்டேட்) ஒன்று வந்து உங்கள் ஆளைப் பலவீனமாக்கினால் அடுத்த பேட்ச் வரை பொறுக்க வேண்டியதுதான். டீமில் ஒருவர் சரிந்தாலும் மற்ற இருவருக்காகக் கற்றது வீணாகாது.

நண்பரோடு சேர்ந்து ஆட ஆசை என்றால் 2எக்ஸ்கேஓ தனி வகை. அதில் இரண்டு கேரக்டர் டீமை இரண்டு மனிதர்கள் பகிர்ந்து ஆடலாம். ஒருவர் சண்டையில் இருக்க, மற்றவர் வெளியே காத்திருந்து அசிஸ்ட் கொடுப்பார். டீமின் முழுப் பொறுப்பையும் ஒரே மூளையில் ஏற்றும் பாரம் இதில் பாதியாகிறது.

தனியிலிருந்து டீமுக்கு மாறும்போது

இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது "யார் பலமானவர்?" என்ற பட்டியலைத் திறக்காதீர்கள். உங்கள் முதல் கேரக்டரோடு சமீபத்தில் தோற்ற ஆட்டங்களைப் பாருங்கள். எங்கே மாட்டுகிறீர்கள்? தூரத்தில் அடி வாங்கிக்கொண்டே நெருங்க முடியவில்லை என்றால், திரையின் குறுக்கே ஓடும் பீம் அல்லது முன்னால் பாயும் அசிஸ்ட் வேண்டும். நெருங்கிய பிறகு அடி முடிந்ததும் திருப்பி வாங்குகிறீர்கள் என்றால், பிளாக்கிலேயே நெடுநேரம் பிடித்து வைக்கும் அசிஸ்ட் வேண்டும். எதிராளி குதித்தே உள்ளே வந்துவிடுகிறார் என்றால், மேல்நோக்கி அடிக்கும் அசிஸ்ட். இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் பொருந்தும்.

மூன்று பேர் கேமாக இருந்தாலும், கேம் அனுமதித்தால் முதலில் இரண்டு பேரோடு ஆடுங்கள். ஸ்கல்கேர்ள்ஸில் இது முடியும். மூவர் கட்டாயம் என்றால் மூன்றாவது ஆளை அசிஸ்டுக்காக மட்டும் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரே ஒரு காம்போ கற்றால் போதும்.

பயிற்சி அறையில் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். எதிர் பொம்மையை, பிளாக் செய்து முடித்தவுடன் வேகமான அடி ஒன்றைப் போடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேரக்டரின் மிக ஆபத்தான அடியை அசிஸ்ட் இல்லாமல் விடுங்கள், பதிலடி விழும். அப்புறம் அசிஸ்டைக் கொஞ்சம் முன்னால், சேர்த்து, கொஞ்சம் பின்னால் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, எந்த நேரத்தில் அந்தப் பதிலடி நின்றுபோகிறது என்று பாருங்கள். அந்த நேரம் கைக்குப் படிந்த பிறகு நீண்ட காம்போக்களைத் தொடங்கலாம். எத்தனை தடவை மாற்றிக் கூப்பிட்டாலும் பதிலடி நிற்கவில்லை என்றால் அந்த அசிஸ்ட் உங்கள் கேரக்டருக்குப் பொருந்தாது, அடுத்த ஆளைப் போட்டுப் பாருங்கள்.